சைவக்காரி வளர்த்த எலிகள்

குகனேஸ்வரி முட்டை சேர்ந்த கேக்கைத் தொடமாட்டாள். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த இருபத்துநான்கு வருடங்களில் எத்தனையோ பிறந்தநாள் கொண்டாட்டங்களில் அவளுக்குக் கேக் நீட்டப்பட்டிருக்கிறது. அவள் அதைச் சிரித்தபடி பக்கத்திலிருக்கும் பிள்ளையின் தட்டுக்கு மாற்றிவிடுவாள். வேலை செய்யும் வீட்டில் மீன் பொரிக்க வேண்டி வந்தால் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பொரிப்பாள். உப்புப் பார்க்க மட்டும் மாட்டாள். யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் பிறந்து, நகரத்தின் ஏழைப் பகுதியான பிரான்காச்சோவில் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் இந்தப் பெண்தான் பலேர்மோவில் பாம்பு வளர்ப்பவர்களில் பாதிப் பேருக்கு எலி கொடுக்கிறவள். அந்தத் தொழிலை அவள் தேடிப் போகவில்லை. ஒரு பாம்பு பட்டினி கிடந்ததால் அது அவளிடம் வந்து சேர்ந்தது.

பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாவில் சினோரா கத்தரீனா என்றொரு அம்மாள் இருந்தார். நோட்டரி ஒருவரின் விதவை, எழுபத்தெட்டு வயது. அவருடைய வீட்டில் குகனேஸ்வரி பதினாறு வருடமாகக் கூட்டி, துடைத்து, அயர்ன் பண்ணி, சமைத்து வந்தாள். பெயர் நீளமாக இருக்கிறதென்று முதல் நாளே சினோரா அதை வெட்டிக் "கூகா" ஆக்கிவிட்டார். அங்கே வந்துபோகிறவர்களுக்கு அவள் "லா சிங்கலேசே", சிங்களத்தி. தான் தமிழ் என்று முதல் ஐந்து வருடம் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு செப்டெம்பரில் சினோராவின் ஒரே மகன், நாற்பத்தைந்து வயது வழக்கறிஞர், வேலை மாறி வடக்கே தொரீனோவுக்குப் போனார். போகும்போது தன் மலைப்பாம்பைத் தாயிடம் விட்டுச் சென்றார். ஒன்றேகால் மீட்டர் நீளம். கபில நிறத் தோலில் மஞ்சள் திட்டுகள். பெயர் கொந்தெஸ்ஸா எலியொனோரா, அதாவது எலியொனோரா சீமாட்டி. இந்தப் பெயரைச் சினோரா ஒருநாளும் சுருக்கிச் சொன்னதில்லை.

பாம்புக்கு நல்ல வெளிச்சமான அறை ஒதுக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டி வந்தது, சூடேற்றும் விளக்கு வந்தது, காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி வந்தது. குகனேஸ்வரி அயர்ன் பண்ணும் பின்னறைக்குப் பத்து வருடமாகக் கேட்ட ஹீட்டர் மட்டும் வரவில்லை.

சினோராவுக்குப் பாம்பென்றால் உயிர் போகும் பயம். ஆனால் அது மகன் ஆசையாக வளர்த்த பாம்பு. ஆகவே கூகா பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. உங்கள் ஆட்கள் பாம்போடு பழகினவர்கள்தானே, குழல் ஊதினால் ஆடுமே என்றார் சினோரா. எங்கள் ஊரில் பாம்பைக் கண்டால் ஓடுவோம் என்று குகனேஸ்வரி தன் இத்தாலிய மொழியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சினோரா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஒக்டோபரில் பாம்பு சாப்பிட மறுத்தது. கடையிலிருந்து உறைந்த எலி வரும். அதை வெந்நீரில் போட்டு இளக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முன்னால் ஆட்டவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் பொரித்த பழக்கம் இதற்கு உதவியது. ஆனால் பாம்பும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று வாரம் அப்படியே போனது. மகன் தினமும் காலையில் வீடியோவில் வந்து பாம்பைக் காட்டச் சொன்னார். அதன் கண்ணில் துக்கம் தெரிகிறதென்று அவர் சொல்ல, சினோரா கதவுக்கு வெளியே நின்றபடியே அதை ஒத்துக்கொண்டார். இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கத்தானியாவிலிருந்து மிருக வைத்தியர் ஒருவர் வரவழைக்கப்பட்டார்.

அந்த வாரம்தான் கந்தசட்டி விரதம். குகனேஸ்வரி ஆறு நாளும் வெறும் தண்ணீரும் பாலும்தான். நாலாம் நாள் ஏணியில் ஏறிச் சரவிளக்கைத் துடைக்கும்போது தலை சுற்றியது. இறங்கி நிலத்தில் உட்கார்ந்தாள். டயட்டா என்று சினோரா விசாரித்தார். உன் இடுப்புக்கு அது நல்லதுதான் என்று ஊக்கமும் கொடுத்தார். ஐந்தாம் நாள் வைத்தியர் பாம்பை நிறுத்தார். பதினொரு கிராம் குறைந்திருந்தது. சினோரா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். குகனேஸ்வரியை யாரும் நிறுக்கவில்லை.

இந்தச் சாதிப் பாம்புகள் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். அதை யாரும் காதில் வாங்கவில்லை. சில பாம்புகள் உறைந்த எலியை விரும்பாமல், கொன்று சூடு ஆறாத எலியைத்தான் எடுக்கும் என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். உயிரோடு விடக்கூடாது, எலி பாம்பைக் கடித்துவிடும். அப்படிப் புதிதாகக் கொன்ற எலி கடையில் கிடைக்காது. யாராவது வீட்டில் வளர்த்தால்தான் உண்டு.

சினோரா கூகாவைப் பார்த்தார்.  பின்னறைக்கு ஹீட்டர் வந்தால் எலி வரும் என்றாள் கூகா.

ஹீட்டர் மறுநாள் வந்தது.

வைத்தியர் தனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து ஒரு கடுவனும் இரண்டு பெட்டையுமாக மூன்று வெள்ளை எலிகளை எடுத்துக் கொடுத்தார். குகனேஸ்வரி அவற்றைப் பனெத்தோனே கேக் வந்த அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பிரான்காச்சோவுக்குக் கொண்டுபோனாள். பக்கத்தில் இருந்த பெண், எந்தக் கடையில் வாங்கினாய், நல்ல மணமா என்று கேட்டாள். வீட்டில் செய்தது என்றாள் குகனேஸ்வரி.

அவளுடைய கணவர் ஆனந்தராசா ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர். வாரத்தில் ஆறு நாள் அப்படி. ஞாயிற்றுக்கிழமையில் அவர் பிள்ளையார் கோயில் சபையின் செயலாளர். பழைய மோட்டார் சைக்கிள் கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தும் கோயில் அது. அவருடைய கையெழுத்து முத்துப்போல இருக்கும் என்பதால் பன்னிரண்டு வருடமாக அவரே செயலாளர். எலியைக் கண்டதும் அவர் பாவம், புண்ணியம் எதுவும் கேட்கவில்லை.

"ஆரும் கண்டால் என்னெண்டு சொல்லுறது?"

"எலி எண்டு சொல்லுங்கோ."

முயல் என்று சொல்லலாம் என்றார் அவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தது முயல்.

மொட்டை மாடியில் உடுப்புத் தோய்க்கும் பழைய அறையொன்று யாரும் பாவிக்காமல் கிடந்தது. பிளாஸ்டிக் பெட்டிகளுக்குக் கம்பி வலையில் மூடி செய்து, உள்ளே மரத்தூள் பரப்பி, தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாகக் கட்டினாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் ஜெனனி போனில் தேடித்தேடி வாசித்துச் சொன்னாள். இருபத்திரண்டாம் நாள் முதல் பெட்டை பதினொரு குட்டி போட்டது. ஊறவைத்துத் தோல் உரித்த நிலக்கடலைபோலச் சிவந்து கிடந்தன. குகனேஸ்வரி கதவருகே நின்று ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, தாய்க்குப் பூசணிக்காய்த் துண்டு வைத்தாள்.

வளர்ப்பது சரி, கொல்வது யார்? தீனி போடுவேன், கூடு கழுவுவேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றாள் குகனேஸ்வரி. மூடிய பெட்டிக்குள் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை மெல்ல விட்டால் வலியில்லாமல் தூங்கிப்போகும் என்று ஜெனனி கண்டுபிடித்தாள். ஆகவே மூன்று பேரும் பாவத்தைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எலியைப் பெட்டியில் வைப்பது குகனேஸ்வரி. மூடியை அழுத்துவது ஜெனனி. வாயுவைத் திறப்பது ஆனந்தராசா. கண்ணை மூடி, முகத்தைத் துறைமுகப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் தேவாரம் சொல்லியபடி திறப்பார். செவ்வாயும் வெள்ளியும் அவருக்குச் சைவம் என்பதால் அந்த நாட்களில் முடியாது. ஞாயிறு கோயில். எல்லாம் கழித்துப் பார்த்ததில் கொந்தெஸ்ஸா எலியொனோராவுக்குப் புதன்கிழமை சாப்பாடு என்று முடிவானது.

பஸ்ஸில் லிபெர்த்தாவுக்குப் போவதற்குள் எலி ஆறிவிடும். சினோராவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் அதைச் சூடாக்கினாள் குகனேஸ்வரி. இடுக்கி பெட்டிக்குள் போனதுதான் தெரியும். பாம்பு பாய்ந்து சுற்றிக்கொண்டது. அவள் அலறியபடி ஓடிவந்து சினோராவின் மேல் மோதினாள். சினோரா பயத்தில் அழுதார். செய்தி தெரிந்ததும் சந்தோஷத்தில் அழுதார். தொரீனோவில் மகன் அழுதார். பாம்பைக் காப்பாற்றிய நன்றிக்காகச் சினோரா தன் அலுமாரியைத் திறந்து ஒரு பழைய கைப்பையைப் பரிசாகக் கொடுத்தார். அது அசல் பாம்புத் தோல். குகனேஸ்வரி அதை மேல்மாடி வீட்டில் வேலை செய்யும் மன்னார்ச் சிநேகிதி விமலராணிக்குக் கொடுத்துவிட்டாள். கத்தோலிக்கரான விமலராணி அதைப் பூசைக்குக் கொண்டுபோனாள். தேவாலயத்தில் நாலு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம்.

மூன்று எலி முப்பதாயிற்று, முப்பது நூறாயிற்று. வைத்தியர் பலேர்மோவிலிருந்து தன்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்ல, அவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பல்வைத்தியர், ஒரு நீதிபதியின் மகள், கை முழுக்கப் பச்சை குத்திய ஒருவர், அந்தப் பச்சையைக் குத்திவிட்டவர். பிரான்காச்சோ என்ற பெயரைச் சொன்னாலே காரின் கண்ணாடியை ஏற்றுகிற லிபெர்த்தா ஆட்கள், லிப்ட் பழுதான கட்டடத்தில் ஐந்து மாடியும் மூச்சிரைக்க ஏறிவந்து வாசலில் நின்று, "வணக்கம், சினோரா" என்றார்கள். முதல் தடவை குகனேஸ்வரி தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த வேலை கைவந்தது. அறைக் கதவைத் திறந்ததுமே எந்தக் கூட்டில் மூத்திர வாடை கூடியிருக்கிறது என்று மூக்குச் சொல்லிவிடும். வயிற்றைத் தடவி எத்தனை நாளில் போடும் என்று சொல்வாள். சண்டைபிடிக்கும் கடுவன்களைப் பிரிப்பாள், குட்டி தின்னும் பெட்டையை ஒதுக்குவாள். பூஞ்சணம் பிடித்த பாண் அவற்றுக்குக் கிடையாது. பெயர் வைப்பதில்லை என்று மட்டும் கண்டிப்பாக இருந்தாள். ஆனாலும் காலையில் போய் எல்லாவற்றோடும் கதைப்பாள்.

அடுத்த வருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை தென்திசையிலிருந்து சிரோக்கோ காற்று அடித்தது. பாலைவனத்து வெக்கை. மத்தியானத்துக்குள் மொட்டை மாடி அறை அடுப்புப்போல ஆகிவிட்டது. ஒன்பது எலிகள் நாக்கு வெளியே தள்ளச் செத்துக் கிடந்தன. குகனேஸ்வரியும் ஜெனனியும் மிச்சப் பெட்டிகளை எல்லாம் இறக்கி, ஏசி இருக்கும் ஒரே இடமான வரவேற்பறைக்குக் கொண்டுவந்து அடுக்கினார்கள். வெளிச்சத்துக்கு மிரண்டு கத்தியதால், கோயில் பந்தலுக்கென்று ஆனந்தராசா வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து மேலே மூடினார்கள்.

அன்று பின்னேரம் சதுர்த்தித் திருவிழா பற்றிக் கதைக்கச் சபைத் தலைவர் றஞ்சித்தும் மூன்று பேரும் வருவதாக இருந்தது. ஆனந்தராசா இதை மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டார். றஞ்சித் பலசரக்குக் கடைக்காரர். உறைந்த ஆட்டிறைச்சியும் உயிர் நண்டும் அவருடைய கடையில்தான் திறம் என்று பெயர். அவர் வந்து உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணி தானாக அசைவதைக் கண்டார். மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வெள்ளை முயல் வேண்டுமென்று மூன்று மாதமாக ஆனந்தராசாவிடம் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். வடிவான ஒன்றைத் தானே தெரிவு செய்யலாமென்று எழுந்துபோய்த் துணியைத் தூக்கினார்.

நூற்று முப்பது எலிகள் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தன.

"அண்ணை, உது முயலே?" என்றார் றஞ்சித்.

"சின்னன்" என்றார் ஆனந்தராசா.

குகனேஸ்வரி குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். "எலி, தம்பி. பாம்பு வளர்க்கிற ஆக்களுக்குக் குடுக்கிறது. தேத்தண்ணி ஆறமுதல் குடியுங்கோ."

யாரும் குடிக்கவில்லை.

மறு ஞாயிறு சபை கூடியது. விஷயம் சிக்கலானது. எலி பிள்ளையாரின் வாகனம், அதைக் கொல்கிறவள் கோயிலுக்கு மோதகம் அவிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பாம்பு மட்டும் என்ன, எங்கள் ஊர் நாகபூசணி அம்மனல்லவா, அதைப் பட்டினி போடலாமா என்றார் நயினாதீவுக்காரர் ஒருவர். இத்தாலியில் பிறந்த எலி வாகனக் கணக்கில் வருமா என்று மூன்றாமவர் சந்தேகம் எழுப்பினார். உயிர்க்கொலை என்று வந்தபின் வாதம் எதற்கு என்று, சந்தையில் இறங்கும் நண்டுக்காகக் கடிகாரத்தைப் பார்த்தபடி றஞ்சித் முடித்து வைத்தார். ஒன்பது வருடமாகச் சதுர்த்திக்கு முந்நூறு மோதகம் அவித்துக் கொடுத்த குகனேஸ்வரி இனிமேல் மடைப்பள்ளிப் பக்கம் வரவேண்டாம் என்று தீர்மானம் ஆனது. அதைக் கூட்ட அறிக்கையில் எழுதும் பொறுப்பு செயலாளருடையது. ஆனந்தராசா எழுதினார்.

வீட்டுக்கு வந்து கொப்பியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குகனேஸ்வரி திறந்து வாசித்தாள். தன் பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை என்பதைக் கண்டாள். அவர் வெளியே வந்ததும், "எழுத்து நல்ல வடிவா இருக்கு" என்றாள்.

"நான் செயலாளர். என்ன செய்யிறது, சொல்லும்?"

அவள் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுகை மோதகத்துக்காகத்தான். மாவை வெந்நீர் விட்டுக் குழைக்கும் பதம் அங்கே வேறு ஒருத்திக்கும் வராது என்று அவளுக்குத் தெரியும்.

தீர்மானம் எழுதிய கையால் வாயுவைத் திறப்பது முறையல்ல என்று ஆனந்தராசா விலகிக்கொண்டார். ஜெனனிக்குப் பரீட்சை. புதன்கிழமை வந்தது. குகனேஸ்வரி தனியாக மொட்டை மாடிக்குப் போனாள். ஒரு கொழுத்த எலியைத் தூக்கி, வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கையில் வைத்திருந்தாள். அது அவளுடைய பெருவிரலை மோந்து பார்த்தது. பெட்டியில் வைத்தாள், மூடியை அழுத்தினாள், குழாயைத் தானே திறந்தாள். இத்தனை நாளும் மூன்று பேராகச் செய்ததில் அவசரமும் பதற்றமும் இருந்தன என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் வாயுவை அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கிறார், எலி துள்ளியிருக்கிறது. அவள் மிக மெல்லத் திறந்தாள். எலி சுருண்டு படுத்து, அப்படியே தூங்கியது. அவள் கண்ணை மூடவில்லை. கடைசிவரை பார்த்தாள்.  அதன் பிறகு அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஒக்டோபரில் யாரோ ஒருவர் பெயர் போடாமல் மாநகரத்துக்குக் கடிதம் எழுதினார். வீடொன்றில் களவாக எலிப் பண்ணை நடக்கிறதாம், ஊருக்கே நோய் வரப்போகிறதாம். அதிகாரியாக ஒரு பெண் மிருக வைத்தியர் வந்தார். ஐந்து மாடி ஏறிவந்த கோபத்தில் மொட்டை மாடி அறைக்குள் போனவர் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி முகர்ந்து பார்த்தார். குட்டி போட்ட திகதியைக் குகனேஸ்வரி தமிழில் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளைப் பற்றிக் கேட்டார். கடைசியில், போன வாரம் தான் பார்த்த ஒரு உணவகத்தின் குசினி இந்தளவு சுத்தமாக இருக்கவில்லை என்றார். பதிவு செய்யாதது குற்றம்தான், உடனே விண்ணப்பியுங்கள் என்று படிவத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினொரு நாளில் பதிவுப் பத்திரம் வந்துவிட்டது. குகனேஸ்வரியின் குடியுரிமை விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் நாலாவது வருடமாக இருக்கிறது. எலிகளுக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை.

இந்தப் பத்திரம் ஆனந்தராசாவை அசைத்துவிட்டது. வட்ட முத்திரை, கையொப்பம், பண்ணை உரிமையாளர் என்று மனைவியின் பெயர். அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அடுத்த வாரம் சபைக்குப் போனபோது, தன் மனைவி அரச அங்கீகாரம் பெற்ற உயிரியல் நிறுவனம் ஒன்றை நடத்துவதாகக் குறிப்பிட்டாராம். முத்திரை என்றதும் சபையில் சத்தம் அடங்கியது. பழைய தீர்மானத்தை அவர்கள் நீக்கவில்லை. அதைப் பற்றிக் கதைப்பதைத்தான் நிறுத்தினார்கள். கடையில் றஞ்சித் அவளை "அக்கா" என்று கூப்பிட்டு நல்ல வெண்டிக்காயாகப் பொறுக்கிப் போட்டார்.

ஈஸ்டருக்கு வந்த சினோராவின் மகன் கொந்தெஸ்ஸாவைத் தொரீனோவுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு வாரம் கழித்துக் குகனேஸ்வரியும் சினோராவிடம் விடைபெற்றாள். எலியும் அயர்னும் ஒன்றாகப் பார்க்க நேரமில்லை. சினோரா மனம் உடைந்துபோனார். பாம்புக்கு அழுத அளவு அழுதாரா என்பதைக் குகனேஸ்வரி கவனிக்கவில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த சிவமலரைத் தன் இடத்துக்கு அனுப்பினாள். உன் பெயரை வெட்ட விடாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஒரு வாரத்தில் அவள் "சீவா" ஆகிவிட்டாள்.

இந்த வருடச் சதுர்த்தி நெருங்கியபோது, போன வருடம் வேறொருவர் அவித்த மோதகம் வெடித்துப் பயறு வெளியே கொட்டியதைச் சபையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வந்தால் நல்லது என்று றஞ்சித் ஆனந்தராசா மூலம் சொல்லியனுப்பினார். தீர்மானம் அப்படியே இருக்கட்டும், அதை வாசிக்கத் தேவையில்லை என்றும் சொன்னாராம். ஆனால் அதே வார இறுதியில் நாப்போலியில் ஊர்வன வளர்ப்போர் சந்தை. குகனேஸ்வரி மேசை ஒன்று பதிவு செய்திருந்தாள். பலேர்மோவுக்கு வந்த பிறகு தூதரகத்துக்கும் கலியாண வீடுகளுக்கும் தவிர அவள் ஊர் விட்டுப் போனதில்லை.

"வரேலாது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

"பிள்ளையாரப்பா" என்றார் ஆனந்தராசா.

"அவருக்கு நான் வீட்டிலை அவிச்சுப் படைச்சிட்டுத்தான் போவன்."

அப்படியே செய்தாள். உறைந்த எலிகள் நிரம்பிய நாலு பெட்டிகளோடு விமலராணியும் அவளும் கப்பலேறி நாப்போலிக்குப் போனார்கள். மண்டபம் முழுக்கப் பாம்பு, ஓணான், ஆமை. பக்கத்து மேசையில் இருந்த இளம்பெண் தன் கழுத்திலிருந்த பச்சைப் பாம்பைக் கழற்றி, பிடித்துப் பாருங்கள் சினோரா என்று நீட்டினாள். குகனேஸ்வரி கதிரையோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினாள். இவ்வளவு பயமா என்று அந்தப் பெண் சிரித்தாள். பிறந்ததிலிருந்தே என்றாள் குகனேஸ்வரி.

மத்தியானத்துக்கு முன்பே பெட்டிகள் காலி. இரண்டு பேரும் மண்டபத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்து, கொண்டுவந்த புட்டையும் வாழைப்பழத்தையும் எடுத்தார்கள். விமலராணி கனநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு இது பாவமெண்டு தோன்றேல்லையோ?"

குகனேஸ்வரி புட்டைப் பிசைந்தாள். "பாவம்தான். இல்லையெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. ஆனால் என்ரை எலி ஒண்டும் பயந்து சாகிறேல்லை."

விமலராணி தலையாட்டினாள். பிறகு, இவ்வளவு தூரம் வந்ததற்குக் கடலோரமாக ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று கேட்டாள். கப்பலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. காலிப் பெட்டிகளை வாசற்காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் வழி கேட்டு நடந்தார்கள்.